இளநிலைப் படிப்பிலேயே ஆராய்ச்சியைத் தொடங்குவது எப்படி

கணையத்துக்குள் சிறு சிறு திட்டுகளாகக் கிடந்த செல்களை 1869இல் முதன்முதலாக விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ், அப்போது பெர்லினில் மருத்துவ மாணவர். பழ ஈயின் குரோமோசோமில் மரபணுக்கள் அமைந்திருக்கும் வரிசையை 1911இல் கணித்து வரைந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர். சி. வி. இராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை, அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 1906ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. மூவரும் மேதைகள் என்பது உண்மை. ஆயினும் நாம் பின்பற்றக்கூடிய ஒன்று அவர்களிடம் இருந்தது: கையில் இருந்த கருவியாலும் தரவாலும் விடை காணக்கூடிய அளவுக்குச் சிறிய கேள்வியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே ஆய்வகத்தைத் தேடும் முன் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். "புற்றுநோயில் ஆர்வம்", "செயற்கை நுண்ணறிவில் ஆர்வம்" என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியவராது. உயிரியல் மாணவராயின், ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவின் வளர்ச்சி வேகம் உப்பின் அளவுக்கேற்ப எப்படி மாறுகிறது என்று கேட்கலாம். மருத்துவ மாணவராயின், தம் மருத்துவமனையின் புறநோயாளிகளில் இரத்த அழுத்த மாத்திரையை இடையில் நிறுத்துவோர் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். பொறியியல் மாணவராயின், விலை குறைந்த வெப்பநிலை சென்சார் ஒன்றின் பிழை ஈரப்பதத்தால் எவ்வளவு கூடுகிறது என்று கேட்கலாம். இவை மூன்றும் இரண்டு மாதத்தில் செய்து பார்க்கக்கூடியவை.

வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் குறுகிய காலத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பில் ஆராய்ச்சி பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

இவற்றுக்கு அப்பால், பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுவது எப்போதும் திறந்திருக்கும் வழி. ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள்; படிப்பவர் முதல் வரியிலேயே அதைக் கண்டுகொள்வார். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை, முதலில் படங்களையும் அட்டவணைகளையும், பிறகு செய்முறையையும், கடைசியாக முடிவுரையையும் என்ற வரிசையில் படியுங்கள். அதில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தை இரண்டு வரியில் கேளுங்கள். உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்பதையும் சேர்த்து, மொத்தத்தைப் பத்து வரிக்குள் முடியுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். அன்றாடம் உங்களுக்குக் கற்றுத்தரப்போவது பெரும்பாலும் அங்குள்ள முனைவர் பட்ட மாணவர்தான் என்பதால், சேரும் முன் அவரிடமும் பேசிவிடுவது நல்லது.

சேர்ந்ததும் புதுக் கண்டுபிடிப்புக்கு விரையாமல், உங்கள் அளவீட்டை நம்பலாமா என்று முதலில் சோதியுங்கள். மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் பைப்பெட்டில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் எடுத்து நுண்தராசில் இடுங்கள். ஏறத்தாழ 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். பத்து முறை செய்து எண்கள் சிதறினால் குறை கையில் இருக்கிறது. சிதறாமல் ஒரே பக்கமாக விலகினால் பெரும்பாலும் குறை கருவியில் இருக்கிறது. டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறையைச் செய்கையில், டிஎன்ஏவுக்குப் பதிலாகத் தண்ணீர் மட்டும் இட்ட ஒரு குழாயை எப்போதும் சேர்த்து ஓட்டுங்கள். அதிலும் டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் பட்டை தெரிந்தால் ஏதோ ஒரு கரைசல் மாசுபட்டிருக்கிறது. அன்றைய முடிவுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படா. வெப்பநிலை சென்சாரை உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் வைத்துச் சரிபார்ப்பவர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் தண்ணீர் 97 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும் என்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால், நல்ல கருவியைப் பழுதென்று ஒதுக்கிவிடுவார்.

குறிப்பேட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பக்க எண் இட்ட, தைத்த நோட்டில், பேனாவால், அன்றன்றைக்கே எழுதுங்கள். தேதி, செய்ததன் நோக்கம், வேதிப்பொருளின் தொகுப்பு எண், கருவியின் அமைப்பு, கிடைத்த எண்கள், கெட்டுப்போனவை என எல்லாம் அதில் இருக்க வேண்டும். தவறை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதும்போது மனம் தன்னையறியாமல் ஒழுங்குபடுத்திவிடுகிறது. காலையில், செல்களை ஒரே வெப்பநிலையில் வளர்க்கும் இன்குபேட்டர் இரண்டு பாகை கூடுதலாகக் காட்டியது அந்த ஒழுங்கில் விடுபட்டுப்போகும். மூன்று மாதத்துக்குப் பின் விளங்காத ஒரு முடிவுக்கு விளக்கம் பெரும்பாலும் அப்படிப்பட்ட வரியில்தான் கிடைக்கும். கணினியில் எடுத்த மூலத் தரவைத் திருத்தாமல் தனியே வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

மனிதர் தொடர்பான ஆய்வில் நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கும் வரை ஒரு கேள்வித்தாளைக்கூட நிரப்பக் கூடாது. குழு மாதக்கணக்கில் இடைவெளி விட்டுக் கூடலாம் என்பதால், முன்மொழிவை முன்கூட்டியே அனுப்புங்கள். ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதி, படிக்க இயலாதவருக்கு ஒரு சாட்சியின் முன்னிலையில் வாசித்துக் காட்டுங்கள். மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது என்பதை அவர் உண்மையாகவே நம்பும்படி சொல்வது உங்கள் பொறுப்பு. விலங்குகளைக் கொண்ட ஆய்வுக்குத் தனிக் குழுவின் அனுமதி வேண்டும்.

உயிரியல், மருத்துவம், பொறியியல் ஆகிய மூன்று துறைகளும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்ய விரும்புவோர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வின் வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். இதய அறுவை மருத்துவர் வலியத்தானும் பொறியாளர் புவனேஷ்வரும் உள்ளிட்ட குழு உருவாக்கிய முந்தைய மாதிரிகள் அடுத்தடுத்துத் தோற்றன. ஒன்றில், இரத்தத்துக்கு வழிவிட்டுத் திறந்து மூடும் நீலக்கல் தட்டு மிகக் கடினமாக இருந்து, அதைத் தாங்கும் டைட்டானியச் சட்டத்தைத் தேய்த்தது. தட்டை ஒருவகைப் பாலிஎத்திலீனுக்கு மாற்றிய பிறகே, 1990 டிசம்பரில், முதல் நோயாளிக்கு வால்வு பொருத்தப்பட்டது. உராய்வைப் பற்றிய பொறியியல் அறிவும், இரத்தம் எந்தப் பொருளின் மேல் உறையும் என்ற உயிரியல் அறிவும், நோயாளியை அறிந்த மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்தாலன்றி இத்தகைய வேலை நடக்காது. எனவே கருவி செய்ய விரும்பும் பொறியியல் மாணவர், வரைபடம் போடும் முன் அதைப் பயன்படுத்தப்போகும் செவிலியரின் ஒரு பணிவேளை முழுவதும் அனுமதி பெற்று உடனிருந்து பார்க்க வேண்டும்.

கட்டுரை வெளியாகும் என்ற எதிர்பார்ப்போடு இரண்டு மாத வேலையில் சேராதீர்கள். பணம் பெற்றுக்கொண்டு சில நாட்களிலேயே எதையும் அச்சிடும் போலி இதழ்களிடமிருந்து விலகியே இருங்கள். அங்கு வெளியான கட்டுரை பின்னாளில் உங்கள் விண்ணப்பத்துக்குக் கேடாகவே அமையும். விடைபெறும் வாரத்தில் மாதிரிக் குழாய்களில் பெயர், தேதி, செறிவு ஆகியவற்றை அழியா மையில் எழுதி, எந்த உறைபெட்டியின் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்ற பட்டியலைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் சேருங்கள். மூலக் குறிப்பேடு ஆய்வகத்துக்கு உரியது. வழிகாட்டி அனுமதித்தால் நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால், வேலை அவர் நினைவில் இருக்கும்போதே, நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.