எல்லாப் பொத்தானையும் அழுத்தாதீர்கள்: வேகக் கூடைப்பந்து கேமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பெரியவர்கள் முறுக்கோடு உட்கார்ந்துவிட்டால், ஹாலில் பிள்ளைகளைக் கட்டிப்போட 'என்பிஏ ஜாம்' மாதிரி கூடைப்பந்து வீடியோ கேம் ஒன்று போதும். பக்கத்துக்கு இரண்டு பேர். ஃபவுல் கிடையாது, ஃப்ரீ த்ரோ கிடையாது, தள்ளிவிட்டால் கேட்க நாதியில்லை. 'ஜாம்' கேமை 1993இல் மிட்வே நிறுவனம் ஆர்கேடுக்காக, அதாவது காசு போட்டு ஆடும் கடை இயந்திரங்களுக்காக, வெளியிட்டது. மார்க் டர்மெல் தலைமையில் உருவானது. கூடைப்பந்தே தெரியாத ஆள்கூட முதல் நிமிடத்தில் வானத்துக்கு எம்பி, பந்தைக் கூடைக்குள் நேரே அமுக்கி ஒரு டங்க் அடித்துவிடலாம். அதில் மயங்கித்தான் பலர் இது கண்டபடி பொத்தானைத் தட்டுகிற கேம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் எப்போது அழுத்தக்கூடாது என்று தெரிந்தவன்தான் ஜெயிக்கிறான்.

வேகத்தைக் கூட்டும் டர்போ பொத்தானிலிருந்து தொடங்கலாம். விடாமல் பிடித்துக்கொண்டே ஓடினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். எதிராளி டங்க் அடிக்க எம்பும்போது தடுக்க உங்களிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. பந்து கையில் இல்லாத நேரத்தில் விரலை எடுத்துவிடுங்கள், அது தானாக நிரம்பும். தூரத்திலிருந்து வீசும்போதும் அவசரம் வேண்டாம். பொத்தானைத் தட்டிவிட்டு உடனே விடாமல், ஆட்டக்காரர் எம்பி உச்சிக்குப் போகும் கணத்தில் விட்டால்தான் பந்து விழும்.

அடுத்தது, ஏறக்குறைய எல்லோரும் செய்வது. ஒரே ஆட்டக்காரர் அடுத்தடுத்து மூன்று கூடை போட்டால் அவருக்குத் தீப்பற்றிக்கொள்ளும். பந்திலும் நெருப்பு. அதன்பின் டர்போ தீராது, குறி தப்புவது அபூர்வம். கூடைக்குள் இறங்கும் பந்தைத் தட்டிவிடுவதற்குப் பெயர் கோல்டெண்டிங். இந்த கேமில் மிச்சமிருக்கும் சொற்ப விதிகளில் அதைச் செய்யக்கூடாது என்பதும் ஒன்று. தீப்பற்றியவருக்கு அந்த விதியும் கிடையாது. இதைப் பார்த்ததும் பதறிப்போய் எதிரணியின் இரண்டு பேரும் அவர் பின்னாலேயே ஓடுவார்கள். செந்தூலில் அக்கா வீட்டில் இதே கூத்துதான்.

"மாமா, அவன விடாதீங்க, புடிச்சுத் தள்ளுங்க!"

"அவன் கெடக்குறான்டா. நீ மொதல்ல போயி ரெண்டு பாயிண்ட் போடு."

விஷயம் அவ்வளவுதான். தீப்பற்றியவரை எதிர்த்து ஆடும் உங்கள் அணி ஒரு கூடை போட்டால் தீ அணைந்துவிடும், எந்தக் கூடையானாலும் சரி. அந்த நேரத்தில் மூன்று பாயிண்டுக்கு ஆசைப்பட்டுத் தூரத்திலிருந்து வீசுவதுதான் தப்பு. உள்ளே புகுந்து நிச்சயமான இரண்டு பாயிண்டை எடுங்கள். யாராவது இரண்டு கூடை தொடர்ந்து போட்டால் வர்ணனையாளர் குரல் கொடுப்பார். தடுப்பாட்டத்தை அப்போதே இறுக்க வேண்டும், மூன்றாவது விழுந்த பிறகு அல்ல.

தனியாக ஆடும்போது கூட்டாளியை மறப்பது இன்னொன்று. பழைய 'ஜாம்' கேமில் உங்கள் கையில் இருப்பது ஒரே ஆள். ஆனால் கூட்டாளியிடம் பந்து இருக்கும்போது நீங்கள் பாஸ் பொத்தானை அழுத்தினால் அவர் தருவார், ஷூட் பொத்தானை அழுத்தினால் வீசுவார். இது தெரியாமல் கணினியைத் திட்டுபவர்கள் நிறைய.

திட்ட வேண்டிய இடமும் உண்டு. பத்துப் பாயிண்ட் முன்னால் இருந்தால் ஜெயித்த மாதிரி என்று நினைக்காதீர்கள். பின்தங்கிய அணிக்கு கேமே கை கொடுக்கும். ஆட்டம் கடைசி வரை இழுபறியாக இருந்தால்தானே ஆர்கேடில் காசு விழும்! இன்னொரு கூத்தும் உண்டு. டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகர். நெருக்கமான ஆட்டத்தில் பிஸ்டன்ஸை எதிர்த்து சிகாகோ புல்ஸ் அணி கடைசி நொடியில் வீசினால் தவறும்படி கேமின் நிரலில் ரகசியமாக எழுதி வைத்ததை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். புல்ஸ் என்றதும் அந்த அணியின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டனைத் தேட வேண்டாம், உரிமச் சிக்கலால் அவர் இந்த கேமில் இல்லை. ஆக, கடைசி நிமிடத்தில் நடப்பதை வைத்து உங்கள் திறமையை அளக்க வேண்டாம். மனிதர்களோடு ஆடும்போது இந்த உதவி வேடிக்கை. கணினியோடு மட்டும் ஆடினால் எரிச்சல்தான் மிஞ்சும். அப்படித் தனியாகவே ஆடினால் சலிப்பும் சீக்கிரம் தட்டிவிடும். அதே தள்ளல், அதே டங்க், நான்கு குவார்ட்டர்.

டிவியையும் கவனியுங்கள். பெரிய தட்டை டிவிகள் படத்தை அழகுபடுத்துவதற்காகச் சற்றுத் தாமதமாகக் காட்டும். நீங்கள் சரியாகத்தான் விடுவீர்கள், பந்து மட்டும் விளிம்பில் பட்டுத் தெறிக்கும். செட்டிங்ஸில் 'கேம் மோட்' இருக்கும், அதைப் போட்டுவிட்டுப் பிறகு கன்ட்ரோலரைக் குறை சொல்லலாம்.

கடைசியாகப் பணம். இதே பாணியில் 2018இல் வந்த 'என்பிஏ 2கே பிளேகிரவுண்ட்ஸ் 2' கேமில் ஆட்டக்காரர்கள் எல்லாரும் முதலிலேயே கிடைக்க மாட்டார்கள். ஆட்டக்காரர் அட்டைகள் உள்ள பாக்கெட்டை கேமுக்குள்ளேயே வாங்கிப் பிரித்து, அதிர்ஷ்டம் இருந்தால்தான் விரும்பியவர் வருவார். ஆடிச் சேர்க்கும் காசிலும் பாக்கெட் வாங்கலாம், நிஜப் பணத்திலும் வாங்கலாம். வங்கிக் கார்டு விவரத்தை அதில் சேமித்து வைத்துவிட்டுப் பிள்ளை கையில் கன்ட்ரோலரைக் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா பக்கம் போய்ப் பழைய கேம் வாங்குவதாக இருந்தால், இணையம் இல்லாமல் எவ்வளவு ஆட முடியும், ஒரே டிவியில் எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். இரண்டாவது கன்ட்ரோலருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.