பம்ப் பால் மட்டும் போதுமா? முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கு

என் மகள் ஏப்ரல் கடைசியில், 35-வது வாரத்திலேயே, வேலூரில் பிறந்தாள். எடை 2 கிலோ 100 கிராம். மார்பில் போட்டால் இரண்டு முறை உறிஞ்சுவாள், மூன்றாவதுக்குள் தூங்கிவிடுவாள். உள்ளங்காலைச் சுண்டினாலும் காதைத் தேய்த்தாலும் எழமாட்டாள். ஐந்து நாள் பார்த்துவிட்டு, தாய்ப்பால் எடுக்கும் பம்ப்பைக் கையில் எடுத்தேன். அதற்கப்புறம் நாலரை மாதம் அவள் குடித்தது எல்லாமே நான் எடுத்து வைத்த பால்தான்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அங்கே யார் பிள்ளை பெற்றாலும் இப்போது எனக்கு போன் வந்துவிடும். "அக்கா, பம்ப் பண்ணிக் கொடுத்தா மட்டும் போதுமா?" குழந்தைக்குப் போதும். வீட்டில் அதற்கு ஆள் போதுமா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. நான் முதலில் அதைத்தான் திருப்பிக் கேட்பேன்.

ஏன் பம்ப்?

காரணம் கொஞ்ச நாளில் தீரக்கூடியதா, தீராததா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். என் மகளைப் போல முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு வர நாளாகும். பிறந்திருக்க வேண்டிய தேதி நெருங்கும்போது பல குழந்தைகள் தாமாகவே பிடித்துக் குடிக்கத் தொடங்கிவிடும். அதுவரைக்கும் பம்ப் ஒரு பாலம். அண்ணப்பிளவு உள்ள குழந்தை வேறு கதை. வாயில் இழுவை உண்டாகாததால் அதற்குப் பெரும்பாலும் நீண்ட நாள் பம்ப்தான். வலிதான் காரணம் என்றால், பம்ப் வாங்கும் முன் விவரம் தெரிந்த ஒரு நர்ஸையோ தாய்ப்பால் ஆலோசகரையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு முறை பால் கொடுத்துக் காட்டுங்கள். குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்துப் பிடித்தால் பாதி வலி அங்கேயே போய்விடும். நாக்கின் அடியில் ஒட்டு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

"வேலைக்குப் போகணும், இப்பவே பழக்கிடலாம்" என்பவர்களுக்கு என் பதில்: அவசரப்படாதீர்கள். முதல் ஆறு வாரம் நேரடியாகக் கொடுத்துவிட்டு அப்புறம் பம்ப்புக்கு வாருங்கள், நிறைய வேலை மிச்சம். மார்பில் வைத்துக் கொடுக்க மனசு ஒப்பவில்லை என்பவர்களும் உண்டு. அதுவும் காரணம்தான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"பால் போதவில்லை" என்பதைத்தான் நான் சுலபத்தில் நம்பமாட்டேன். எனக்கு இரண்டாம் நாள் ஒருவர் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, "பாலே இல்லையேம்மா" என்று வார்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு முழுக்க அழுதேன். முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால், அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் நாள் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே சில மி.லி.தான். இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில்தான் மார்பு கனத்துப் பால் இறங்கும். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைவதும் வழக்கமானதே, பத்துப் பதினான்கு நாளில் ஏறிவிட வேண்டும். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைகிறதா, எடை ஏறுகிறதா, இந்த இரண்டைப் பாருங்கள். பம்ப் டப்பாவில் விழுவதை வைத்து உங்களிடம் எவ்வளவு பால் இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். நன்றாகக் குடிக்கும் குழந்தை இயந்திரத்தைவிடக் கெட்டி.

மணிக்கணக்கு

ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பம்ப் செய்ய வேண்டும். குறைந்தபட்சமாக எட்டையே வைத்துக்கொள்ளலாம். ஒரு முறைக்கு எடுக்க 20 நிமிடம், சங்கில் புகட்டி ஏப்பம் விட வைக்க 25 நிமிடம், கழுவிக் கொதிக்க வைக்க 15 நிமிடம். ஆக ஒரு மணி நேரம். எட்டு முறைக்கு எட்டு மணி நேரம், சரியாக ஒரு ஷிப்ட். குளியல், துணி மாற்றுவது, காரணமே தெரியாத அழுகை எதுவும் இதில் சேர்த்தி இல்லை.

ஒரு தாளில் எட்டு நேரத்தையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயர் எழுதுங்கள். நீங்கள் பம்ப்பில் உட்கார்ந்திருக்கும்போது குழந்தையை யார் வைத்திருப்பார்கள்? யார் கழுவுவார்கள்? குடியாத்தத்தில் அம்மா வீட்டில் இருந்தவரை எனக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. அம்மா, அண்ணி, எண்பது வயது ஆயாகூட மடியில் வைத்துக்கொள்வாள். மூன்றாம் மாதம் ராணிப்பேட்டைக்குத் திரும்பியபோது தாளில் என் பெயரும் வீட்டுக்காரர் பெயரும்தான் இருந்தன. ராத்திரி 2 மணிக்கு எதிரே ரொம்ப நாள் யார் பெயரும் இல்லை. அந்த வாரம்தான் எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து பெரிய சண்டை.

ராத்திரியை விட்டுவிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதல் மாதத்தில் கூடாது. மார்பு காலியாகக் காலியாகத்தான் சுரக்கும், தேங்கி நின்றால் "தேவையில்லை போல" என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்: ஆறாம் நாள் மொத்தம் 180 மி.லி., பத்தாம் நாள் 390, நான்காம் வாரக் கடைசியில் 700. ஒரு மாதத்துக்கு மேல் ஆன குழந்தை சராசரியாக ஒரு நாளைக்கு 750 மி.லி. அளவில் குடிக்கும், அப்புறம் ஆறு மாதம் வரை அது பெரிதாக ஏறுவதில்லை. 1,200 எடுத்தேன், 1,500 எடுத்தேன் என்பவர்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். அளவுக்கு மீறி எடுத்தால் பால் கட்டிக்கொள்ளும்.

கருவி

சீம்பாலுக்குக் கைதான் பம்ப். இயந்திரத்தில் எடுத்தால் பாதி ஓரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கருவட்டத்துக்குப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு சேர்த்துப் பிடித்து விடுங்கள். சொட்டுகளைச் சங்கிலேயே பிடிக்கலாம்.

முழுக்க பம்ப் பால் என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார பம்ப் வேண்டும், நேரம் பாதியாகும். கைப் பம்ப் வெளியே போகும்போதுதான். மார்பில் பொருத்தும் கூம்பின் அளவு முக்கியம். பெட்டியோடு வருவது உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. காம்பு சுவரில் உரசினாலோ கருவட்டம் பெரிதாக உள்ளே இழுபட்டாலோ அளவு தவறு. அதுபுரியாமல் பத்து நாள் புண்ணோடு எடுத்தேன். தெரிந்தவர் தரும் பழைய பம்ப்பில், பால் குழாய் வழியே மோட்டாருக்குள் போக வழியிருந்தால் அது வேண்டாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் மோட்டாரின் உள்ளே சுத்தமாகாது.

வெயில், கரண்ட், தண்ணீர்

எடுத்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்று அட்டவணைகளில் இருக்கும். அது 25 டிகிரி அறைக்கு. கத்திரி வெயிலில் நம் பக்கம் வெளியே 40-ஐத் தாண்டும், வீட்டுக்குள்ளும் ஃபேன் அனல்தான் வீசும். நான் எடுத்த கையோடு கொடுத்தேன், இல்லையென்றால் ஃபிரிட்ஜில், கதவில் அல்ல, உள்ளே பின்பக்கமாக. அங்கே 4 நாள் இருக்கும் என்பார்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், குறைமாதக் குழந்தைக்கு, நான் 24 மணி நேரத்தைத் தாண்டவிடவில்லை.

வைகாசி 1-ம் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீடு முழுக்க உறவு. யாரோ கறியை வைக்க இடம் பண்ணுவதற்காக, என் நான்கு பால் பைகளை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டார்கள். பார்த்தபோது மதியம் தாண்டிவிட்டது. 260 மி.லி. சாக்கடையில் போயிற்று. அம்மன் ஊர்வலத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே அழுதேன். அன்றைக்கே ஒரு மூடி போட்ட டப்பா வாங்கி, மேலே "பாப்பா பால், தொடாதே" என்று எழுதி ஒட்டினேன். நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள்.

உறைந்த பாலை உருக்கிய பின் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. சூடாக்க அடுப்போ மைக்ரோவேவோ வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்தில் டப்பாவை வைத்தாலே போதும். மேலே கொழுப்பு பிரிந்து நிற்பது கெட்டுப்போனதல்ல, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

எங்கள் தெருவில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் கொதிக்க வைத்தால் பாகங்களில் வெள்ளையாகப் படியும், ரப்பர் வால்வு சரியாக மூடாமல் இழுவை குறையும். சோப்புப் போட்டுக் கழுவுவதற்கென்று தனிப் பேசின், கொதிக்க வைக்கக் கேன் தண்ணீர். இப்படி மாற்றிய பிறகுதான் பம்ப் பழையபடி இழுத்தது.

சங்கா, பாட்டிலா?

மார்புக்குத் திரும்பும் நம்பிக்கை இருந்தால் சங்கு அல்லது பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்). குழந்தையைத் தலை உயர்த்தி மடியில் வைத்து, சங்கின் நுனியைக் கீழுதட்டில் சாய்த்து, அது விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. பாட்டில் என்றால் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாட்டிலைப் படுக்கை வாட்டில் வைத்து, நடுநடுவே நிறுத்திக் கொடுங்கள். மீதி இருக்கிறதே என்று கடைசிச் சொட்டுவரை திணிப்பதால்தான் கக்குகிறது. எப்படிக் கொடுத்தாலும் ஒரு நாளில் கொஞ்ச நேரம் வெற்று மார்பில் குழந்தையைப் போட்டு வையுங்கள். சுரப்பதற்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

பெரியவர்கள் விஷயம். ஆயா தேன் கலந்த சேனைத் தண்ணியை நாக்கில் வைக்கப் பார்த்தாள், தெருவில் கழுதைப்பால் விற்றவனைக் கூப்பிட்டே விட்டாள். தேன் ஒரு வயது வரை கூடாது, தண்ணீர்கூட ஆறு மாதம் வரை தேவையில்லை என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்தேன். பதிலுக்குப் பூண்டுக் குழம்பையும் பால்சுறாப் புட்டையும் மறுக்காமல் சாப்பிட்டேன். கத்திரிக்காய் சாப்பிட்டால் கரப்பான், தோல் அரிக்கும் என்று அதை என் கண்ணில் காட்டவில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஊரில் இருக்க, ஐந்து மாதம் அது இல்லாமல் இருந்தது மட்டும் அநியாயம். "பால் கொடுத்தா கரு தங்காது" என்பதையும் நம்பி இருந்துவிடாதீர்கள். பம்ப் பாலுக்கு அது இன்னும் நிச்சயமில்லை, ஆறாம் வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

மார்பில் ஓரிடம் சிவந்து, கட்டியாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டர். அதுவரை குளிர்ந்த ஒத்தடம், வழக்கமான நேரத்துக்கு பம்ப். அமுக்கித் தேய்க்க வேண்டாம், கூடுதலாகவும் எடுக்க வேண்டாம். குழந்தை பாலுக்கு எழவே இல்லை, துணி நனைவது குறைந்துவிட்டது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

எத்தனை நாளுக்கு?

ஆறு மாதத்துக்கும் சேர்த்து இன்றைக்கே முடிவெடுக்காதீர்கள். 14 நாள் என்று வையுங்கள். பதினைந்தாம் நாள் எடையைப் பாருங்கள், ஒரு நாளைக்கு 20, 30 கிராம் ஏறியிருந்தால் நல்லது. நீங்கள் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்கிய ராத்திரி ஒன்றாவது இருந்ததா? பிடித்துக் குடிக்கிறதா என்று மறுபடி போட்டுப் பார்த்தீர்களா? அப்புறம் அடுத்த 14 நாள். இதில் "மட்டும்" என்ற சொல்லைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஒரு வேளை நேரடியாகக் குடித்தால் ஒரு மணி நேரம் மிச்சம். டாக்டர் சொல்லி ஒரு வேளை பவுடர் பால் சேர்ந்தாலும் மீதி ஏழு வேளை தாய்ப்பால்தானே?

வேலைக்குப் போகிறவர்களுக்கு: மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. திரும்பிய பின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளையும் சட்டத்தில் இருக்கிறது. நான் அந்த இரண்டையும் பம்ப்புக்குக் கேட்டு வாங்கினேன். பயணத்தில் கைப் பம்ப் வைத்துக்கொள்ளுங்கள். 2015-லிருந்து பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது, ஆனால் பிளக் பாயிண்ட்டை நம்பிப் போகாதீர்கள்.

நிறுத்தும்போதும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், பால் கட்டிக்கொள்ளும். நாலைந்து நாளுக்கு ஒரு வேளையாகக் குறைக்க வேண்டும், குறைவாக வரும் வேளையை முதலில். வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட் வந்ததும் நாலரை மாதத்தில் நான் குறைக்க ஆரம்பித்தேன், டாக்டரைக் கேட்டுப் பவுடர் பாலும் சேர்த்தேன். விடியற்காலை 5 மணி வேளையை மட்டும் விடவில்லை. அதில்தான் எப்போதும் அதிகம் வரும். எட்டாம் மாதம் வரை அந்த 120 மி.லி.யை எடுத்து, ஆறவைத்த கேழ்வரகுக் கூழில் கலந்து ஊட்டினேன்.