அருகில் போய் அடிக்கும் மந்திரத்துக்கு எத்தனை பகடை?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைபோல் ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், விஸார்ட் என்ற மந்திரவாதியின் ஹிட் டை (உயிர்ப்புள்ளியைத் தீர்மானிக்கும் பகடை) வெறும் டி6, அதாவது ஆறு முகப் பகடை. அவரை எதிரியின் வாள் எட்டும் இடத்துக்கு இழுக்கிற மந்திரம் என்றால் அந்த ஆபத்துக்குக் கூலி தர வேண்டும். கூடுதல் பகடைதான் அந்தக் கூலி. புதிதாக மெலீ (கைக்கெட்டும் தூரத்தில் அடிக்கும்) மந்திரம் எழுதுபவர்கள் பலர் கூலியே தருவதில்லை. சிலர் ஆபத்தையும் நீக்கிவிட்டுக் கூலியையும் தந்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் ஆட்டத்தைக் கெடுக்கும்.

இங்குள்ள கணக்கெல்லாம் 2014 விதிகளின்படி. ஆட்டத்தை நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் மந்திரச் சேத அட்டவணையில், ஒற்றை இலக்குக்கு கேன்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய எளிய மந்திரம்) 1டி10 (ஒரு பத்து முகப் பகடை), முதல் நிலை 2டி10, இரண்டாம் நிலை 3டி10, மூன்றாம் நிலை 5டி10. தவறினாலும் பாதி சேதம் உண்டு என்ற கணக்கில் போட்டது இது. தவறினால் ஒன்றுமில்லை என்றால் 25 சதவீதம் கூட்டலாம். முதல் நிலையில் சராசரி 11, கூட்டினால் கிட்டத்தட்ட 14. ஆனால் தொட்டு அடிக்கும் முதல் நிலை மந்திரமான இன்ஃப்ளிக்ட் வூண்ட்ஸ் 3டி10 தருகிறது, சராசரி 16.5. மிச்சமுள்ள இரண்டரைப் புள்ளிதான் பக்கத்தில் போவதற்கான கூலி.

அட்டவணையை மட்டும் நம்பினால் இரண்டாம் நிலையில் கவிழ்ந்துவிடுவோம். ‘கரிக்கை’ என்றொரு நெருப்பு மந்திரம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அட்டவணைப்படி 3டி10 போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். அதே ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவழிக்கும் வாய்ப்பில்) ஸ்கார்ச்சிங் ரே என்ற மந்திரம் 120 அடி தள்ளி நின்று மூன்று முறை 2டி6 வீசுகிறது. ஐந்தாம் லெவல் ஆள், +7 தாக்குதல், எதிரியின் ஏசி (அடி படத் தொட வேண்டிய எண்) 15 என்றால் இருபது முகப் பகடையில் 8 விழுந்தால் போதும், அதாவது 65 சதவீதம். கிரிட்டிகலில் (20 விழும்போது) பகடை இரட்டிப்பதையும் சேர்த்தால் சராசரியை 0.70-ஆல் பெருக்கலாம். ஸ்கார்ச்சிங் ரே 14.7, 3டி10 கரிக்கை 11.6, 4டி10 கரிக்கை 15.4. ஆக, 4டி10-தான் தொடக்கம். இன்ஃப்ளிக்ட் வூண்ட்ஸை இரண்டாம் நிலை ஸ்லாட்டில் போட்டாலும் அதே 4டி10 என்பதால் அதுவே உச்சவரம்பும்கூட. நெருப்பைத் தாங்கும் அரக்கர்கள் அதிகம். அதனால் இலக்கு கொஞ்சம் வெளிச்சம் வீசுவது போன்ற சின்ன விளைவு ஒன்றைக் கூடவே தந்தாலும் தப்பில்லை.

பெரிய விளைவு வேண்டுமானால் பகடையைச் சிறிதாக்குங்கள். தொட்டு அடிக்கும் கேன்ட்ரிப்பான ஷாக்கிங் கிராஸ்ப் பட்டவர் ரியாக்‌ஷன் எடுக்க (அடுத்தவர் முறையில் பதிலுக்கு ஒன்றைச் செய்ய) முடியாது. மந்திரவாதி அடித்துவிட்டு, பதிலடி வாங்காமல் நடையைக் கட்டலாம். ஆபத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. அதனால்தான் அது டி8, தூரத்திலிருந்து வீசும் ஃபயர் போல்ட் டி10. கரிக்கைக்கும் அதே விளைவு வேண்டுமென்றால் 4டி8 போதும்.

ஸ்லாட்டைச் செலவழித்துத் தவறவிடுவது ஆட்டக்காரருக்குக் கசக்கும். 3டி10, தவறினால் பாதி என்று எழுதினால் சராசரி 14.4. உச்சம் குறையும், ஏமாற்றமும் குறையும். ஹோல்ட் பர்சன் மந்திரத்தில் உறைந்தவரை ஐந்து அடிக்குள் நின்று அடித்தால் பட்டதெல்லாம் கிரிட்டிகல் என்பதால் 4டி10 அங்கே 8டி10, சராசரி 44. பகடையைக் கூட்டும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

மெலீ மந்திரத்தில் ரேஞ்ச் வரி ஒப்புக்கு எழுதுவதல்ல. ‘டச்’ (தொடுதல்) என்று போட்டால், ஃபைண்ட் ஃபெமிலியர் மந்திரத்தால் துணைக்கு வந்த ஆந்தை பறந்து போய் அடித்துவிட்டு, பதிலடி வாங்காமலே திரும்பிவிடும். மந்திரத்தின் தூரத்தைக் கூட்டும் டிஸ்டன்ட் ஸ்பெல் திறன் இருந்தால் டச் 30 அடியாகிறது. இரண்டிலும் மந்திரவாதி பத்திரமாகத் தள்ளி நிற்கிறார், கூலி மட்டும் முழுசாகக் கிடைக்கிறது. ‘5 அடி’ என்று எழுதினால் ஆந்தைக்கு வேலை இல்லை, டிஸ்டன்ட் ஸ்பெல்லாலும் 10 அடிதான். 2020-இல், ஆயுதத்தால் அடிக்கும் கேன்ட்ரிப்பான பூமிங் பிளேடின் ரேஞ்சை ‘செல்ஃப், 5 அடி சுற்றளவு’ என்று திருத்தினார்கள். அப்படி எழுதினால் டிஸ்டன்ட் ஸ்பெல்லும் ஒட்டாது.

ஆயுதத்தால் அடிக்கும் மந்திரத்துக்குக் கணக்கே வேறு. ஸ்நீக் அட்டாக், டிவைன் ஸ்மைட் போன்ற கூடுதல் சேதத் திறன்கள், +1 வாள் எல்லாம் அதன்மேல் ஏறும். பூமிங் பிளேட் முதல் லெவலில் பட்டதற்குக் கூடுதல் பகடை எதுவும் தராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஐந்தாம் லெவல் வீரர் லாங்ஸ்வோர்டால் இரண்டு முறை அடித்தால், இரண்டும் பட்டால் 17. பூமிங் பிளேடில் ஒரே அடி, 13. இலக்கு தானாக நகர்ந்தால் இன்னொரு 9. உங்கள் கேன்ட்ரிப் நிபந்தனை இல்லாமலே 17-ஐத் தொட்டால் எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே முறையில் கிடைக்கும் இரண்டாவது அடி) வீணாகிவிடும். ஒரு டி8-ஐ வெட்டுங்கள், அல்லது அதை ஏதாவதொரு நிபந்தனையில் கட்டிப்போடுங்கள். பிளேட்சிங்கர் (வாளேந்தும் விஸார்ட்) இருக்கும் மேசையில் இன்னும் இறுக்கம் வேண்டும். ஆறாம் லெவலிலிருந்து தன் இரண்டு அடிகளில் ஒன்றுக்குப் பதிலாக அவர் கேன்ட்ரிப் போடலாம்.