பொன்னியின் செல்வனுக்குள் குடியேறும் வழி

என் அப்பா வீராணம் ஏரியில் லஸ்கராக இருந்தவர். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையை நடந்து பார்ப்பது, எங்காவது கசிந்தால் ஓவர்சியருக்குச் சொல்வது லஸ்கரின் வேலை. எட்டாம் வகுப்புக் கோடை விடுமுறையில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் முதல் பாகத்தைத் திறந்தேன். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் என்ற வாலிபன் குதிரையில் ஏரிக்கரை மேல் வருகிறான். ஏரியின் பெயர் வீரநாராயண ஏரி. எங்கள் ஏரி! அப்பா தினமும் நடக்கிற கரை! அன்றைக்கே அந்தக் கதைக்குள் போய் இருந்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நாற்பது வருடமாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கும் வழி சொல்கிறேன்.

முதலில் போகக் கூடாத இடம்: தஞ்சைப் பெரிய கோயில். கல்லூரியில் படிக்கும்போது நான் அங்கேதான் போனேன். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன், அழகாக இருந்தது, ஆனால் கதையில் ஒருவர்கூட என்னோடு வந்து நிற்கவில்லை. பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. ராஜராஜன் அந்தக் கோயிலைக் கட்டி முடித்தது 1010-ல். கதை நடப்பது அவருடைய அப்பா சுந்தர சோழரின் கடைசிக் காலத்தில், அதாவது ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முன்னால். வந்தியத்தேவன் பார்த்த தஞ்சையில் அந்த விமானமே கிடையாது. பெரிய கோயிலைத் தனியாக ஒரு நாள் ஆற அமரப் பாருங்கள். கதைக்கு அது வாசல் இல்லை.

அரண்மனைகளும் வாசல் இல்லை. கும்பகோணத்திலிருந்து பட்டீஸ்வரம் போகிற வழியில் சோழன் மாளிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. மாளிகை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. சோழர் தலைநகராக இருந்த பழையாறையைச் சுற்றிப் படைகள் தங்கிய இடங்களும் அப்படித்தான்: ஆரியப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர். அங்கே சைக்கிளில் போங்கள். ஊர்ப் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே போங்கள். கீழப்பழையாறைச் சோமேசர் கோயிலில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு அரசலாற்றுக் கரைக்கு வந்துவிடுங்கள். கதையில் அதுதான் அரிசிலாறு. சோழ இளவரசி குந்தவையின் தோழிகளைக் காப்பாற்றுவதாக நினைத்து வந்தியத்தேவன் பஞ்சடைத்த முதலை மேல் வேல் எறிந்தது இந்த ஆற்றங்கரையில்தான். அந்த அத்தியாயத்தை அங்கே வைத்து வாசித்தால் பெண்கள் சிரிப்பது காதில் விழும்.

நான் கண்டுகொண்டது இதுதான்: அந்த உலகத்தில் இன்னும் அழியாமல் இருப்பது தண்ணீர். கல்கி முதல் பாகத்துக்கு ‘புது வெள்ளம்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. கட்டடத்தைத் தேடாமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால் உள்ளே போய்விடலாம்.

எனவே நாள் ஆடி 18. ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும். பயணச்சீட்டு எடுக்கும் முன் மேட்டூர் திறந்துவிட்டார்களா, அணைக்கரைக்குத் தண்ணீர் வந்ததா, அங்கிருந்து வடவாற்றில் விட்டார்களா என்று விசாரியுங்கள். வடவாறுதான் கொள்ளிடத்துத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவருகிறது. ஏரியின் முழுமட்டம் 47.50 அடி. எங்கள் வீட்டில் இந்த எண்ணைத் தெரியாமல் யாரும் வளர்ந்ததில்லை. வேலை முடிந்து வந்த அப்பா “நாப்பத்தேழு தொட்டுருச்சு” என்று சொன்னால் அன்று அம்மா பாயசம் வைப்பாள். தண்ணீர் வராத வருடம் வீட்டிலேயே ஒரு சொம்பு நீரை வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். அந்த ஆடியில் புத்தகத்தை எடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

முதல் நாள் இரவே காட்டுமன்னார்கோயில் வந்துவிடுங்கள். விடியும்போது லால்பேட்டைப் பக்கம் கரை ஏறி வடக்கே நடங்கள். இடது கையில் ஏரி, வலது கையில் வயல். ஆடிக் காற்று மேற்கிலிருந்து தள்ளித் தள்ளி, அலையெல்லாம் நீங்கள் நடக்கும் கரையில் வந்து மோதும். தண்ணீர் நிறைந்த வருடம் எதிர்க்கரை லேசில் தெரியாது. வந்தியத்தேவன் இதைக் கடல் போலப் பார்த்து மலைத்து நின்றதில் மிகையே இல்லை.

அவன் எண்ணிக்கொண்டு போன கணவாய்கள் என்பவை மதகுகள். கதையில் 74. எத்தனையோ முறை எண்ணியும் எனக்கு அந்தக் கணக்கு வந்ததில்லை, ஆயிரம் வருடத்தில் எவ்வளவோ மாறியிருக்கும். ஆனாலும் எண்ணுங்கள். ஒவ்வொரு மதகிலும் நின்று ஒரு பக்கம் வாசியுங்கள். தண்ணீர் சுழித்துக் குழாய்க்குள் இறங்கி மறுபக்கம் வாய்க்காலில் நுரைத்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். அப்பாவின் கட்டளை ஒன்று உண்டு: மதகு வாயில் யாரும் இறங்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும், அடியில் ஆளை இழுத்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

சாப்பாடு சித்திரான்னம். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், எல்லாம் வாழையிலைப் பொட்டலமாக. பெண்கள் காதோலை கருகமணி விடும் படித்துறையில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கொடுங்கள், அவர்களும் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் எதையும் கரையில் விட்டு வராதீர்கள். இந்தத் தண்ணீர் 2004-லிருந்து சென்னைக்கும் குடிக்கப் போகிறது.

கதைக்குள் குடியிருக்க உங்களுக்கு ஒரு வேலையும் வேண்டும். எல்லோரும் குந்தவையாகவோ, அவள் தம்பி அருள்மொழியாகவோ ஆகப் பார்க்கிறார்கள். அரச குடும்பத்தில் ஒருவருக்கும் நிம்மதியான தூக்கம் கிடையாது. சேந்தன் அமுதனைப் பாருங்கள், நந்தவனத்தில் பூப்பறித்துக் கோயிலுக்கு மாலை கட்டுகிறான். பூங்குழலி படகு விடுகிறாள். குடந்தை சோதிடர் வீட்டில் இருந்தபடியே ஊர்க் கதையெல்லாம் கேட்டுவிடுகிறார். உங்கள் கைக்குத் தெரிந்த வேலை எதுவோ அதை அந்த ஊரில் செய்வதாக வைத்துக்கொண்டு வாசியுங்கள். நான் மதகு பார்க்கிறவரின் மகள். சிற்றரசர் பழுவேட்டரையரின் பனைமரக் கொடி கட்டிய படகுகள் வரும்போது கரையில் ஒதுங்கி நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அங்கே எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

பூங்குழலியின் ஊரான கோடிக்கரைக்கு ஆடியில் போக வேண்டாம். தை மாதம் போங்கள், பறவைகள் வந்திருக்கும். வேதாரண்யம் வரை பேருந்தில் போய் அங்கிருந்து தெற்கே. சரணாலயக் காட்டில் வெளிமான்களும், ஆளில்லாமல் தாமாகத் திரியும் குதிரைகளும் உண்டு. வந்தியத்தேவன் மாட்டிக்கொண்ட புதைசேறு வெறும் கற்பனை இல்லை, மழைக்குப் பின் தடத்தை விட்டு இறங்காதீர்கள். குழகர் கோயிலில் நின்று சுந்தரர் தேவாரத்தை வாசியுங்கள். கடற்காற்று அடிக்கும் இந்தக் கரையில், அக்கம்பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சாமியைக் கேட்கிறார். பூங்குழலியையும் அப்படி யாராவது கேட்டிருக்கலாம்.

வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். இது 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த கதை, அப்படிக் காத்திருந்து படிக்கவே எழுதியது. ஐந்து பாகத்துக்கும் சேர்த்து 293 அத்தியாயம். வாரம் இரண்டு என்றால் கிட்டத்தட்ட மூன்று வருடம் அங்கேயே இருக்கலாம். 1999-ல் நாட்டுடைமை ஆனதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஐந்தாம் பாகம் முடிந்ததும் மறுபடி காட்டுமன்னார்கோயில் வாருங்கள். உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கருவறையின் புறச்சுவரில் ராஜராஜனின், அதாவது கதையில் வரும் அருள்மொழியின், இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவருடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பற்றிய ஆணை. அதில் ரவிதாசன் பெயர் இருக்கிறது, கதையில் நீங்கள் பயந்து பயந்து பின்தொடர்ந்த அதே பெயர். எழுத்தைத் தொடாதீர்கள், சாயந்தர வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். கோயிலிலிருந்து ஏரிக்கரை பக்கம்தான். கிளம்பினால் இருட்டுவதற்குள் ஒரு மதகையாவது பார்த்துவிடலாம்.