பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் பழைய பெர்ஃபாமன்ஸ் டயர் (வேகமான கார்களுக்கான டயர்) விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சிங்கப்பூர்க்காரர் வண்டி சார், ஓடவே இல்லை. பட்டன் அப்படியே இருக்கு." பட்டன் என்பது டயரில் ரோட்டைத் தொடும் வரிக்கட்டை. அவர்கள் சொல்வது பொய்யில்லை. வருஷத்தில் 11 மாதம் ஷெட்டில் நின்ற கார். பட்டன் எப்படித் தேயும்? ஆனால் ஓடாத வண்டியிலும் ரப்பருக்கு வயசாகும். மிருதுவான ரப்பரால் பிடிமானம் தரும் டயர் இது. இறுகிவிட்டால் சாதா டயருக்கும் கீழே போய்விடும். ஐப்பசி மழையில் பிரேக்கை மிதிக்கும்போது அது தெரியவரும்.

அதனால் முதலில் வயதைப் பாருங்கள். சைடுவாலில் (டயரின் பக்கவாட்டில்) 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 எண்தான் தயாரித்த தேதி: 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம். முழு எண் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம். அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் வண்டிக்கடியில் தலையை விட்டுத்தான் ஆகவேண்டும். 5 வருஷம் தாண்டியதை நான் ஓசியில் கொடுத்தாலும் வாங்குவதில்லை.

அடுத்த தவறு, ரிம்மில் இருக்கும்போதே விலை பேசுவது. கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். நடுப்பட்டையில் முறையாகப் போட்ட பேட்ச் பரவாயில்லை. சைடுவாலில் பஞ்சர் ஒட்டியிருந்தால் வேண்டவே வேண்டாம். வாய்க்கால் கரை ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டில் புடைத்த டயரும் அப்படித்தான். உள்ளே நூல் அறுந்திருக்கும், எந்தக் கடையிலும் சரிசெய்ய முடியாது. சைடுவால் உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் டயரில் இது சகஜம்.

பட்டன் ஆழத்தை உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் அளக்கவும். அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்ட வண்டியில் உள்விளிம்பு மட்டும் மொழுக்கென்று இருக்கும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. சட்டப்படி 1.6 மி.மீ. போதும். தண்ணீர் நிற்கும் ரோட்டுக்கு 3 மி.மீ.க்குக் கீழே நான் நம்பமாட்டேன்.

சைஸ் பொருந்தினால் போதும் என்று டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் வேக எழுத்தை விட்டுவிடுகிறார்கள். எச் (H) என்றால் மணிக்கு 210, வி (V) 240, டபிள்யூ (W) 270 கி.மீ. வண்டிக் கம்பெனி சொன்னதற்குக் குறைந்தது கூடாது. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் இடது வலது ஜோடி சேர்கிறதா பாருங்கள்.

விற்பவர்களுக்கு: பாலிஷ் பூசாதீர்கள், விவரம் தெரிந்தவன் அதைப் பார்த்ததும் வெடிப்பைத்தான் தேடுவான். தேதி எண்ணையும் பேட்ச்சையும் போட்டோ எடுத்து முதலிலேயே அனுப்பினால் பேரம் சுருக்கமாக முடியும். விற்கும்வரை மொட்டைமாடியில் போட்டுவைக்க வேண்டாம். வெயில் ரப்பரைத் தின்னும். உள்ளே தேங்கிய மழைத்தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும்.