ரெடிமேட் உடையா? முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள்

கடை நிறைய உடை தொங்கும், போட்டுப் பார்த்தால் ஒன்றும் பாந்தமாக இருக்காது. குறை உங்கள் உடம்பில் இல்லை. ரெடிமேட் உடைக்குப் பெரும்பாலும் ஒரே அளவில் மாதிரி வெட்டி, மற்ற அளவுகளை அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் எடுக்கிறார்கள். மார்பு, இடுப்பு, உயரம் எல்லாருக்கும் ஒரே விகிதத்திலா இருக்கிறது?

அதனால் லேபிளில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, தோளுக்குப் பொருந்துவதை எடுங்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். இடுப்பைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் தையல்காரருக்குச் சின்ன வேலை. தோளைத் திருத்துவதென்றால் கையையே பிரித்துத் தைக்க வேண்டும்.

வாங்குமுன் உடையை உள்பக்கம் திருப்புங்கள். பக்கத் தையலுக்கு உள்ளே அரை அங்குலத் துணியாவது விட்டிருந்தால் பிறகு கொஞ்சம் பிரித்துக்கொள்ளலாம். துணி ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்கப் போடும் ஓவர்லாக் தையலோடு ஒட்டித் தைத்திருந்தால் அதற்கு வழியே இல்லை. தையலின் இருபுறமும் பிடித்து மெல்ல இழுங்கள்; தையல் பல்லிளித்தால் திருப்பி வைத்துவிடுங்கள். கட்டம் போட்ட துணியில் பக்கத் தையலில் கோடுகள் சரியாகச் சேர்ந்திருந்தால், பொறுமையாக வெட்டியிருக்கிறார்கள் என்று நம்பலாம்.

அப்புறம், ட்ரயல் ரூமில் சும்மா நின்று பார்த்தால் போதாது. உட்காருங்கள், கையைத் தூக்குங்கள். மார்புப் பொத்தான்களுக்கு நடுவே துணி வாய் பிளந்தால், தோள் இறங்காத வரை ஒரு அளவு பெரிதாக எடுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்வதே நல்லது.