காருக்கு இன்னர் ஃபெண்டர் டப் செய்வது எப்படி? அட்டை மாதிரியிலிருந்து சீலர் வரை

முன் சக்கரத்துக்கும் இன்ஜின் அறைக்கும் நடுவில் நிற்கும் தகட்டுச் சுவர்தான் இன்னர் ஃபெண்டர். அகலமான டயர் போட்டாலோ, காரைத் தாழ்த்தினாலோ, பெரிய இன்ஜினை இறக்கினாலோ கம்பெனித் தகடு இடம் தராது. பழைய கார் என்றால் பாதியைத் துரு தின்றிருக்கும். சக்கரத்தைச் சுற்றித் தொட்டி போல நாமே ஒன்றைச் செய்து மாட்டுவதுதான் இந்த வேலை. அந்தத் தொட்டிதான் டப். டிங்கரிங் பழகுபவர்கள் பொறுமையாகச் செய்தால் கைக்கு வரும்.

முதலில் காரைப் பாருங்கள்

தனி சேஸிஸ் உள்ள பழைய கார்கள் பலவற்றில் இன்னர் ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம். தனி சேஸிஸ் இல்லாமல் பாடியே எடையைத் தாங்கும் மோனோகாக் கார்களில் கதை வேறு. அங்கே அந்தத் தகடும், ஷாக் அப்சார்பர் டவரும், கீழே நீளவாக்கில் ஓடும் ரெயில் என்ற உத்தரமும் சேர்ந்துதான் வண்டிக்கு வலு; மோதலின்போது அடியைத் தாங்குவதும் அவைதான். அவற்றை வெட்டி மெல்லிய தகடு வைப்பது தொடக்கநிலை வேலையே அல்ல. நான் இங்கே சொல்வது போல்ட்டில் மாட்டும் டப்புக்கு மட்டும்.

சக்கரம் எங்கெல்லாம் போகும்?

பலரும் அவசரப்படுவது இங்கேதான். கார் தரையில் நிற்கும் நிலையில் அளவெடுத்தால் அந்த அளவு எதற்கும் உதவாது. காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு அமுக்கி, பாதுகாப்பாகக் கழற்றுங்கள். பிறகு சக்கரத்தை மாட்டி, சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கண்ட்ரோல் ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைத்து, அதற்கு மேல் ஏறவிடாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் தொடும்வரை தூக்குங்கள். அந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். டயரின் தோள்பட்டை, அதாவது மேற்பரப்பும் பக்கச் சுவரும் சேரும் ஓரம், எங்கே உள்ளே வருகிறது, எங்கே முன்னால் நீள்கிறது என்று மார்க்கரால் குறியுங்கள். நான் மேலே 50 மி.மீ., பக்கத்தில் 25 மி.மீ. இடைவெளி விடுவேன். கல்லும் சேறும் சிக்காமல் போக அவ்வளவு வேண்டும்.

உதாரணத்துக்கு, டயர் விட்டம் 640 மி.மீ. என்றால் ஆரம் 320. மேலே விடும் 50-ஐச் சேர்த்தால் 370. அரைவட்டப் பட்டையின் நீளம் 370 × 3.14, ஏறக்குறைய 1,162 மி.மீ. இரு முனையிலும் போல்ட் போட 20 மி.மீ. வீதம் மடிப்பு சேர்த்தால் 1,202. இந்தக் கணக்கு தகடு வாங்க உதவும். வெட்டுவதற்கு நம்ப வேண்டியது அட்டையை.

அட்டை மாதிரி

கெட்டியான அட்டையில் பக்கச் சுவரையும் மேல் பட்டையையும் வெட்டி, டேப் ஒட்டி, காரிலேயே பொருத்துங்கள். இடிக்கும் இடத்தைக் கத்தரியுங்கள், குறையும் இடத்தில் துண்டு ஒட்டுங்கள். சக்கரத்தை மறுபடி திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் மேல், முன், வலது, இடது என்று எழுதி வையுங்கள். வலதுபுற அட்டையைத் திருப்பிப் போட்டால் இடதுபுறத்துக்குச் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பேட்டரி, ஸ்டியரிங் ராடு, ஒயரிங் எல்லாம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது.

தகடும் வெட்டும்

1.2 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகடு எடுங்கள். 0.9 மி.மீ.யிலும் செய்யலாம், ஆனால் புதுக் கைக்கு அதில் சீக்கிரம் ஓட்டை விழும். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம். வெல்டிங்கில் எழும் அந்தப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும்.

வளைவுகளுக்குத் தகடு கத்தரி, நேர்க்கோட்டுக்கு 1 மி.மீ. கட்டிங் வீல். அட்டையைத் தகட்டில் வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே வெட்டி, ஃபைலால் கோடுவரை கொண்டுவாருங்கள். பிசிறை எடுத்துவிடுங்கள்.

பெரிய தட்டையான தகடு ஓட்டத்தில் அதிரும், சத்தம் போடும். தகட்டில் புடைப்பு வரி போடும் பீட் ரோலர் கிடைத்தால் பக்கச் சுவரில் இரண்டு மூன்று வரி போடுங்கள். வரி போடும்போது தகடு சற்று இழுபட்டுச் சுருங்கும். ஆகவே ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து, பிறகு இறுதி அளவுக்கு வெட்டுங்கள்.

பட்டையை வளைக்க ரோலர் இல்லையா? தடிமனான குழாயை மேசையில் இறுக்கி, அதன்மேல் தகட்டைக் கையால் சிறிது சிறிதாக நகர்த்தி அமுக்குங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் முறிவு விழுந்து விடும். வளைந்த விளிம்பில் மடிப்பு எடுக்க, ஓரத்தைச் சுருக்கும் கருவியான ஷ்ரிங்கர் வேண்டும். அது இல்லாதவர்கள் மடிக்காமலே பட்டையையும் சுவரையும் விளிம்போடு விளிம்பு சேர்க்கலாம்.

வெல்டிங்

பொருத்தம் சரியாக இருந்தால் வெல்டிங் சுலபம். துண்டுகளைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, பின்னாலிருந்து டார்ச் லைட் அடியுங்கள். வெளிச்சம் பட்டையாகத் தெரிந்தால் மறுபடி ஃபைல் போடுங்கள். 1 மி.மீ. இடைவெளியைக் கம்பியால் நிரப்பப் பார்த்தால் ஓரம் உருகி ஓட்டைதான் பெரிதாகும்.

கம்பி தானாக ஓடிவரும் மிக் வெல்டிங் மெஷினில் 0.6 மி.மீ. கம்பி, 75 சதவீதம் ஆர்கானும் 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. மெஷின் அமைப்பை அதே தகட்டின் வெட்டுத்துண்டில் பாருங்கள்: பின்புறம் சிறு மேடு தெரிய வேண்டும், முன்புறம் வெல்டுப் பொட்டு தட்டையாக இருக்க வேண்டும். மேலே உருண்டையாக நின்றால் வெப்பம் போதவில்லை.

முதலில் இரு முனை, பிறகு நடு, பிறகு அவற்றின் நடு என்று டாக், அதாவது தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு பொட்டு, அடியுங்கள். 25 மி.மீ.க்கு ஒன்று வந்ததும் டப்பைக் காரில் மாட்டிச் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். இப்போது என்றால் பிரித்துத் திருத்தலாம். பிறகு கழற்றி, மேசையில் வைத்து இடைவெளிகளை நிரப்புங்கள். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி. பொட்டின் அருகே கை வைக்கும் அளவு ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்தது. தொடர்ந்து கோடாக இழுத்தால் ஆறும்போது வெல்டு சுருங்கித் தகட்டை நெளித்துவிடும். லேசான நெளிவு வந்தால், பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டையை வைத்து வெல்டின் மேலேயே சுத்தியலால் தட்டுங்கள். சுருங்கியது விரிந்து கொடுக்கும்.

தகட்டைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே தொடாதீர்கள். ஆர்க் வெளிச்சமும் சூடும் பட்டால் அதன் ஆவி பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயுவாகும். அசிட்டோனால் துடைத்து, முழுதும் உலர விடுங்கள்; கேனை அறைக்கு வெளியே வையுங்கள். காரிலேயே வெல்டிங் செய்ய நேர்ந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்தில் போடுங்கள், பெட்ரோல், பிரேக் குழாய்களை ஒதுக்குங்கள். அடிப்பூச்சு தீப்பிடிக்கும் பொருள். தீயணைப்பான் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். முடித்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

பூச்சு

கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டான ஃபிளாப் டிஸ்க்கால் வெல்டு மேட்டை மட்டும் தேயுங்கள், தகட்டைத் தேய்க்காதீர்கள். விளக்கை உள்ளே வைத்து ஊசித்துளைகளைத் தேடி அடையுங்கள். தண்ணீர் தேங்கும் தாழ்ந்த இடம் இருந்தால் வடிகால் துளை போடுங்கள். பிறகு எபாக்ஸி பிரைமர், அதன்மேல் இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர், பெயின்ட், சக்கரப் பக்கம் கல்லடி தாங்கும் பூச்சு, இந்த வரிசையில்.

6 மி.மீ. போல்ட்களில் மாட்டி, ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். மேடு பள்ளமும் முழுத் திருப்பமும் அதில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் போல்ட்களை மறுபடி இறுக்கி, பூச்சில் டயர் உரசிய பளபளப்பு எங்காவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.